தாடையில் போடும் பிளேட்டைப் பிறகு எடுக்கணுமா? டைட்டானியமா, கரையும் பிளேட்டா?

திண்டுக்கல்_பாண்டி
12 அக்டோபர், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து போன்ல தட்டுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

தம்பிக்கு வயசு 24. முந்தாநாள் ராத்திரி வத்தலக்குண்டு ரோட்டுல நாய் குறுக்கே வந்து பைக்கோட விழுந்துட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனா மோவாயை மூடாத வகை. தலைக்கு ஒண்ணும் இல்ல, ஸ்கேன் பாத்தாச்சு. கீழ்த்தாடை ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. வலது பக்கம் கோரைப்பல்லுக்குக் கீழே ஒண்ணு. இடது பக்கம் காதுக்குக் கீழே தாடை திரும்புற மூலையில ஒண்ணு, அங்க ஒரு ஞானப்பல் படுத்துக் கிடக்குதாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர மாட்டேங்குது. கீழ் உதட்டுல இடது பாதி மரத்துப் போச்சு. கஞ்சி மோவாயில வழிஞ்சா அவனுக்கே தெரியல, அம்மாதான் தொடைச்சு விடுறாங்க.

வியாழக்கிழமை ஆபரேஷன். டைட்டானியம் பிளேட் மூணு போடணும்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல இப்ப மூணு கட்சி. சித்தப்பா கால்ல ராடு போட்டு ஒன்றரை வருஷத்துல எடுத்தவர், "இதையும் எடுக்கத்தான் வேணும், ரெண்டு ஆபரேஷன் செலவு"ங்கிறார். மாமா "அந்தக் காலத்துல கம்பி கட்டியே சரியாகும், பிளேட்டெல்லாம் பில்லுக்கு"ங்கிறார். மச்சான் யூடியூப் பாத்துட்டு தானா கரையுற பிளேட் கேளுன்னு குதிக்கிறான். தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

---

பழையகம்பி
12 அக்டோபர், இரவு 11:15

தம்பி பயப்படாதீங்க. உங்க மாமா சொல்ற "அந்தக் காலம்" நான்தான். 1983, சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி மோதி தாடை போச்சு. மேல்பல் வரிசையில ஒரு பட்டை, கீழ்ப்பல் வரிசையில ஒரு பட்டை, ரெண்டையும் கம்பியால முறுக்கி வாயைப் பூட்டிட்டாங்க. ஆறு வாரம். கடைசிப் பல்லுக்குப் பின்னால இருக்கிற சந்து வழியா கேழ்வரகுக் கூழ், ரசம், பால். ஒன்பது கிலோ இறங்கிட்டேன். வாந்தி வந்தா மூச்சு அடைச்சுக்கும்னு கம்பி வெட்டுற கட்டரைக் கட்டில்லயே தொங்க விட்டிருந்தாங்க. அதைப் பாத்துக்கிட்டே தூங்கணும், அந்தப் பயம் இருக்கே... அந்த ஆறு வாரமும் வீட்டுல நிம்மதியா இருந்தது என் சம்சாரம் மட்டும்தான், நான் பேசல பாருங்க.

சரியாச்சா? ஆச்சு. இன்னிக்கும் முறுக்கு கடிக்கிறேன். ஆனா பிளேட்டுன்னு ஒண்ணு இருக்கும்போது அந்தப் பாடு உங்க தம்பிக்கு எதுக்கு?

---

கீழ்த்தாடை
13 அக்டோபர், காலை 6:20

பாண்டி, நான் வாய், முக, தாடை அறுவை சிகிச்சை மருத்துவன். உங்கள் தம்பியின் படத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், அது அவருடைய மருத்துவரின் வேலை. பொதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கேள்வி. கம்பி கட்டுவது தவறான வைத்தியம் அல்ல, சில முறிவுகளுக்கு இன்றும் அதுவே போதும். ஆனால் இரண்டு இடத்தில் உடைந்து, பல் கடி மாறியிருக்கும் 24 வயதுக்காரருக்கு ஆறு வாரம் வாயைப் பூட்டுவதைவிட பிளேட் நல்லது. மறுநாளே வாய் திறக்கலாம், பல் துலக்கலாம், பேசலாம்.

அடுத்து, இவ்வளவு சின்ன பிளேட் எப்படித் தாங்குகிறது? ஒரு பச்சை மூங்கில் குச்சியை வளைத்துப் பாருங்கள். ஒரு விளிம்பு இழுபடும், மறு விளிம்பு நசுங்கும். தாடையும் கடிக்கும்போது அப்படித்தான். மூலைப் பகுதியில் மேல்விளிம்பு பிளக்கப் பார்க்கும், கீழ்விளிம்பு தானாகவே இறுகிக்கொள்ளும். பிளக்கும் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டால் மிச்சத்தைத் தசையே பார்த்துக்கொள்ளும். பிரான்சில் மிஷெலே 1973 இல் சின்ன பிளேட்டுகளைப் பற்றி எழுதினார். ஸ்ட்ராஸ்பூரில் மாக்ஸிம் ஷாம்பி அதே பத்தாண்டில் தாடையின் எந்தக் கோட்டில் பிளேட் உட்கார வேண்டும் என்று அளந்து வரைந்து காட்டினார். அதற்கு முன்பெல்லாம் கன்னத்துக்குக் கீழே வெளியே கிழித்து, தடித்த பிளேட்டை எலும்பின் இரு பக்கமும் துளைக்கும் திருகால் இறுக்குவார்கள். இப்போது வாய்க்குள்ளிருந்தே வேலை முடிகிறது. 2 மி.மீ. திருகு, வெளிச்சுவரை மட்டும் பிடித்தால் போதும்.

மூன்று பிளேட் கணக்கும் இங்கிருந்து வந்ததுதான். மூலைக்கு ஒன்று. முன்பக்கம் தாடை முறுக்கவும் செய்யும், அதனால் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு. உங்கள் மருத்துவர் பில்லுக்குப் போடவில்லை.

பிளேட்டைவிடப் பெரிய விஷயம் கடி. மயக்கத்தில் இருக்கும்போதே பல்லை முதலில் பழைய கடியில் சேர்த்துக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் எலும்பில் திருகு இறங்கும். வாயை மூடிக் கடி பார்க்க வேண்டும் என்பதால்தான் மயக்கக் குழாயை மூக்கு வழியாக விடுவார்கள். அதைப் பார்த்து வீட்டில் யாரும் பதற வேண்டாம்.

சித்தப்பாவுக்கு: எஃகு பிளேட் போட்ட காலத்தில் எடுப்பது வழக்கம். டைட்டானியத்தைத் தொந்தரவு இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். சீழ் பிடித்தால், ஈறு வழியே வெளியே தெரிந்தால், திருகு தளர்ந்தால், பிற்காலத்தில் பல்செட் அதன் மேல் அழுத்தினால் எடுப்போம். வளரும் குழந்தைகளுக்கு எடுப்பது தனிக் கதை.

மச்சானுக்கு: கரையும் பிளேட் பாலிலாக்டிக் அமில வகைப் பிளாஸ்டிக். சூடு காட்டி வளைக்க வேண்டும், தடிமன் கூடுதல், திருகுக்கு முதலில் மரை வெட்ட வேண்டும். ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பு அதைக் கரைத்துவிடும், சில வகைகளுக்கு இன்னும் நாளாகும். குழந்தைகளின் முகம், மண்டையோடு போன்ற இடங்களுக்கு அருமையான பொருள். பெரியவர்களின் தாடை மூலை மெல்லும் சக்தி முழுதும் வந்து விழும் இடம். அங்கே நான் கேட்க மாட்டேன்.

நீங்கள் கேட்காத இரண்டு. உதட்டு மரப்பு அறுவைக்கு முன்பே இருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். தாடைக்குள் ஓடும் நரம்பு முறிவிலேயே நசுங்கியிருக்கும், திரும்ப மாதக்கணக்காகலாம். இரண்டாவது, தம்பி புகை பிடிப்பாரா?

---

திண்டுக்கல்_பாண்டி
13 அக்டோபர், காலை 7:05

ரொம்ப நன்றி டாக்டர். சித்தப்பாகிட்ட சத்தமா படிச்சுக் காட்டிட்டேன். பிடிப்பான், எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்.

---

கீழ்த்தாடை
13 அக்டோபர், காலை 7:11

அப்போது அதை நிறுத்துவதுதான் உங்கள் பக்கத்து வைத்தியம். எந்த பிளேட் என்பதைவிட அது முக்கியம்.

---

உலோகப்பித்தன்
13 அக்டோபர், மதியம் 1:30

கோவையில லேத் பட்டறை வச்சிருக்கேன். ஒரு காலத்துல எலும்புத் திருகு ஜாப் ஒர்க் எடுத்துச் செஞ்சோம், அதனால டைட்டானியத்தோட கொஞ்சம் பழக்கம். கடைசல்ல சூடு வெளியேறாது, டூல் முனை போயிடும், சீவல் தீப்பிடிக்கும். கோபக்கார உலோகம். உடம்புக்குள்ள போனா இதைவிடச் சாதுவான ஆள் கிடையாது.

காரணம் அதோட தோல். காத்து பட்ட நொடியிலேயே மேல சில நானோமீட்டர் கனத்துக்கு ஆக்சைடு படியும். கீறினாலும் உடனே திரும்பப் படியும். ரத்தமும் எச்சிலும் தொடுறது அந்தத் தோலைத்தான், உலோகத்தை இல்ல. அடுத்தது விறைப்பு. எஃகு சுமார் 200 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கிற அலகு), டைட்டானியம் 110 பக்கம், கெட்டி எலும்பு இருபதுக்குள்ள. பிளேட் ரொம்ப விறைப்பா இருந்தா பாரத்தை எல்லாம் அதுவே சுமந்துக்கும், வேலையில்லாத எலும்பு மெலிஞ்சு போகும். எஃகை விட டைட்டானியம் எலும்புக்கு ஒரு படி கிட்ட.

இது எலும்போட ஒட்டும்னு கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1952, ஸ்வீடன்ல லுண்ட். பெர்-இங்வர் பிரோனமார்க் முயலோட கால் எலும்புக்குள்ள ரத்த ஓட்டம் பாக்க டைட்டானியத்துல ஒரு சின்ன அறை மாதிரி செஞ்சு பொருத்தினார். ஆராய்ச்சி முடிஞ்சு கழட்டப் பாத்தா வரல. விலை கூடின சாமான், திரும்பப் பயன்படுத்தலாம்னு பாத்திருக்கார் மனுஷன்! எலும்பு அதைப் பிடிச்சுக்கிச்சு. 1965 இல் யோஸ்டா லார்ஸ்ஸன்னு ஒருத்தருக்குக் கீழ்த்தாடையில நாலு திருகு வச்சு, அது மேல பல் கட்டினார். 2006 இல் அவர் சாகிற வரைக்கும் அந்தத் திருகு நின்னுச்சு. இப்ப தெருவுக்கு ரெண்டு கிளினிக் போர்டுல இம்பிளாண்ட்னு எழுதியிருக்கே, அதோட ஆதி அந்த முயல்தான்.

---

புதுமைவிரும்பி
13 அக்டோபர், மாலை 4:48

1952, 1973ன்னு பழங்கதையே பேசறீங்களே. இப்ப முழுத் தாடையையே பிரிண்ட் பண்றாங்க. 2011 ஜூன்ல நெதர்லாந்துல சிட்டார்ட்-கெலீன்ல 83 வயசுப் பாட்டிக்கு டைட்டானியப் பொடியை லேசரால அடுக்கடுக்கா உருக்கி முழுக் கீழ்த்தாடையும் வச்சாச்சு. எடை 107 கிராம். மறுநாளே பேசினாங்க. ரத்தத்தைச் சுழற்றி எடுக்கிற பி.ஆர்.எஃப்., எலும்பு வளர்க்கிற புரதம் எல்லாம் வந்தாச்சு. தம்பிக்கு லேட்டஸ்ட்டா கேளுங்க பாஸ்.

---

கீழ்த்தாடை
13 அக்டோபர், இரவு 9:55

புதுமைவிரும்பி சொன்ன பாட்டி கதை உண்மை. அவருக்குத் தாடை முழுதும் சீழ்பிடித்து அழுகியிருந்தது. அந்த வயதில் நீண்ட மாற்று அறுவை தாங்காது என்றுதான் அந்த வழி. பாண்டியின் தம்பிக்கு இருப்பது நல்ல எலும்பு, இரண்டு முறிவுக் கோடு.

"புதுசு கேள்" என்பவர்களிடம் நான் எப்போதும் சொல்லும் ஒரு கதை உண்டு. 1980களில் அமெரிக்காவில் தாடை மூட்டு வட்டு தேய்ந்தவர்களுக்கு டெஃப்லான் கலந்த ஒரு வட்டு வைத்தார்கள். ஆம், தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். வழுவழுப்பு, எதனோடும் ஒட்டாது, மூட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் மூட்டு பாரம் சுமக்கிறது. பாரத்தில் வட்டு தேய்ந்து துகளானது. அந்தத் துகளை விழுங்க வந்த ராட்சத உயிரணுக்கள் பக்கத்து எலும்பையும் சேர்த்துத் தின்றன. சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளம் வரை ஓட்டை. 1990 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தபோது ஆயிரக்கணக்கானோர் தாடைக்குள் அது இருந்தது. சோதனைச் சாலையில் அந்தப் பொருள் சாதுதான். வாய்க்குள் போய் ஆண்டுக்கணக்கில் மென்ற பிறகுதான் குணம் தெரிந்தது.

எனவே ஒரு புதுப் பொருள் வந்தால் நான் கேட்பது மூன்று: பாரத்தில் என்ன ஆகும், தேய்ந்தால் துகள் எங்கே போகும், எடுக்க வேண்டி வந்தால் எடுக்க முடியுமா. பெயர் எவ்வளவு நவீனம் என்பதை விற்பனைப் பிரதிநிதி பார்த்துக்கொள்வார்.

பி.ஆர்.எஃப். பற்றியும் ஒரு வார்த்தை. 2001 வாக்கில் பிரான்சின் ஜோசஃப் ஷுக்ருன் காட்டியது. நம் ரத்தத்தையே எடுத்து, எந்த மருந்தும் கலக்காமல் சுழற்றினால் நடுவில் ஜெல்லி போல ஒரு உறைவு நிற்கும். பல் பிடுங்கிய குழியில் வைத்தால் ஈறு நன்றாக ஆறுகிறது, நானும் வைக்கிறேன். எலும்பு வளர்க்கும் என்று தனியாகப் பணம் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

---

சைவப்பூனை
14 அக்டோபர், காலை 10:02

இழையைத் திசைதிருப்புகிறேன், மன்னிக்கவும். எனக்கு இம்பிளாண்ட் வைக்க எலும்பு போதவில்லை, "போன் பவுடர்" போடணும் என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் பொடி எழுத்தில் மாட்டு எலும்பு என்று இருக்கிறது. நாங்கள் முட்டைகூடத் தொடாத வீடு. கேட்டால் "அதெல்லாம் சுத்தம் பண்ணினது மேடம்" என்கிறார்கள். நான் கேட்டது சுத்தமா என்று இல்லையே?

---

கீழ்த்தாடை
14 அக்டோபர், பிற்பகல் 2:40

அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, அதை முன்கூட்டியே சொல்லாதது அவர்கள் பிழை. அந்தப் பொடியில் புரதம், கொழுப்பு எல்லாம் நீக்கப்பட்டு வெறும் தாது எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். மிக மெதுவாகத்தான் கரையும், சாரம் போல நின்று புது எலும்பு ஏற இடம் கொடுக்கும். அதனால்தான் பலரும் விரும்புகிறார்கள். மேலே மூடும் கொலாஜன் சவ்வும் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாற்று உண்டு. உங்கள் தாடையின் பின்பகுதியிலிருந்தே சுரண்டி எடுக்கும் எலும்புதான் இன்றும் முதல் தரம், ஆனால் இன்னொரு காயம். செயற்கையாகச் செய்யும் கால்சியம் பாஸ்பேட் குருணைகள் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் லாரி ஹென்ச் 1969 இல் உருவாக்கிய உயிர்க்கண்ணாடி வகையும் இருக்கிறது, அது எலும்போடு ஒட்டும் கண்ணாடி. சின்னக் குழிக்கு இவை போதும். "சைவப் பொருள் வேண்டும்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். இப்படிக் கேட்பவர்கள் எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை.

---

காவிரிக்கரை
15 அக்டோபர், இரவு 12:20

தூக்கம் வரல, அதான் எழுதுறேன். அப்பா முப்பது வருஷம் புகையிலை அடக்கினவர். போன வருஷம் கீழ்த்தாடை இடப்பக்கம் புற்றுநோய். தாடையில பாதியை எடுத்துட்டு, காலிலிருந்து எலும்பை எடுத்து வச்சாங்க. பத்து மணி நேரம். முன்னாடியே ஸ்கேன்ல இருந்து தாடையைப் பிளாஸ்டிக்ல பிரிண்ட் பண்ணிக் கையில கொடுத்தாங்க. "இங்க வெட்டுவோம், கால் எலும்பை மூணு துண்டாக்கி இப்படி வளைப்போம்"னு. அப்பா அதை வாங்கிப் பாத்துட்டு "என் தாடை இவ்ளோ சின்னதா?"ன்னார்.

எனக்கு மறக்காதது வேற. ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி ஒரு நர்ஸம்மா மணிக்கு ஒரு தடவை வந்து வாய்க்குள்ள டார்ச் அடிச்சு, எலும்போட சேத்துக் காலிலிருந்து எடுத்து வச்ச தோலோட நிறம் பாத்தாங்க. பேனா மாதிரி ஒண்ண வச்சா சொய்ங் சொய்ங்னு ரத்தம் ஓடுற சத்தம். அந்தச் சத்தத்துக்காக நாங்க வெளிய காத்துக்கிட்டு நின்னோம். அந்த எலும்புத் துண்டுகளைப் பிடிச்சுக்கிட்டு நெளிஞ்ச பைப்பு மாதிரி ஒரு டைட்டானியம் பிளேட் இருக்கு, அதைப் பத்தி யாரும் பேசவே இல்ல.

---

கீழ்த்தாடை
15 அக்டோபர், காலை 6:45

காவிரிக்கரை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம்தான் எங்களுக்கும் எல்லாமே.

கெண்டைக்காலின் வெளிப்புற எலும்பைத் தனக்குரிய ரத்தக்குழாயோடு எடுத்து வேறிடத்தில் நட முடியும் என்று 1975 இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் காட்டினார். அதைத் தாடையாக வளைத்தது நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ, 1989. கணுக்காலிலும் முழங்காலிலும் கொஞ்சம் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்தால் நடை பெரிதாகக் கெடாது. கழுத்திலுள்ள குழாயோடு தைக்கும் தமனி இரண்டு மூன்று மி.மீ. தான், மைக்ரோஸ்கோப்பில் முடியைவிட மெல்லிய நூல். பிரிண்ட் செய்த மாதிரியும் வெட்டுவழிகாட்டியும் வந்த பிறகு எலும்பை வளைப்பதில் முன்பிருந்த கண்மதிப்பு வேலை குறைந்தது. ஆனால் குழாய் அடைத்தால் எல்லாம் போய்விடும். அந்தப் பிளேட்டைப் பற்றி யாரும் பேசாதது சரிதான். அது வெறும் காவடித்தண்டு.

அப்பா நன்றாக இருக்கிறாரா?

---

காவிரிக்கரை
15 அக்டோபர், காலை 9:30

இருக்கார் டாக்டர். இட்லி, தயிர்சாதம். வாய் முழுசாத் திறக்காது. புகையிலைக்கடை முன்னாடி நடக்கும்போது தலையை மட்டும் திருப்பிக்குவார்.

---

மீனாட்சி_மகள்
15 அக்டோபர், காலை 11:12

எனக்கும் ஒரு சந்தேகம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினதால ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப் ஏத்தறாங்க. பல் ஆடுது, பிடுங்கலாம்னு போனா பல் டாக்டர் அந்த மருந்துப் பேரைக் கேட்டதும் கையை எடுத்துட்டார். ஏன்?

---

கீழ்த்தாடை
15 அக்டோபர், பிற்பகல் 3:18

கையை எடுத்தவர் நல்ல மருத்துவர். அந்த மருந்து எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை அடக்கிவிடும், அதுதான் அதன் வேலை. ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறுவதற்குப் பழைய எலும்பு கரைந்து புதிது வரவேண்டும். அது நடக்காமல் சிலருக்கு எலும்பு வெளியே தெரிந்தபடி எட்டு வாரத்துக்கு மேலும் ஆறாமல் நிற்கும். 2003 இல் மயாமியின் ராபர்ட் மார்க்ஸ் இதை முதலில் எழுதினார். புற்றுநோய்க்காக எடுப்பவர்களிலும் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் வரும், எலும்புத் தேய்மானத்துக்காக எடுப்பவர்களுக்கு மிக மிக அரிது. ஆனால் வந்தால் கஷ்டம். டிரிப்பை நீங்களாக நிறுத்தவே கூடாது. புற்றுநோய் மருத்துவரும் தாடை அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். பல்லைப் பிடுங்காமல் வேர்சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள்.

---

பழையகம்பி
15 அக்டோபர், மாலை 6:00

இது கேட்ட மாதிரி இருக்கே டாக்டர். எங்க ஊர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் சொல்வார், சீமையில தீக்குச்சி செய்யுறவங்களுக்குத் தாடை அழுகிப் போகுமாம்.

---

கீழ்த்தாடை
15 அக்டோபர், இரவு 8:27

சரியாகப் பிடித்தீர்கள் ஐயா. வெள்ளைப் பாஸ்பரஸ் புகை. லண்டனில் 1888 இல் தீப்பெட்டிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தத் தாடை அழுகலும் பேசப்பட்டது. 1906 இல் பெர்ன் ஒப்பந்தம், 1913 இல் இந்தியாவிலும் சட்டம் போட்டு வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தார்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது 1920களில். நம்மூர்ப் பெண்களுக்கு வேறு ஆயிரம் கஷ்டம், இது மட்டும் பத்து வருட இடைவெளியில் தப்பியது. இன்றைய மருந்தால் வரும் தாடைப் புண் பார்க்க அச்சாக அதே போல இருக்கும்.

---

திண்டுக்கல்_பாண்டி
16 அக்டோபர், காலை 8:10

நேத்து ஆபரேஷன் முடிஞ்சுது. மூணு பிளேட், பன்னெண்டு திருகு. ஞானப்பல்லு முறிவுக்கு நடுவுல ஆடிக்கிட்டு இருந்துச்சாம், எடுத்துட்டாங்க. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு. பல்லு சேருது! கடிச்சுக் காட்டினான். ரப்பர் பேண்ட் மாட்டியிருக்காங்க, கம்பிப் பூட்டு இல்ல. சித்தப்பா கேக்கச் சொன்னார்: எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, ஏர்போர்ட்ல கத்துமா?

---

உலோகப்பித்தன்
16 அக்டோபர், காலை 9:41

டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது தம்பி. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், முன்கூட்டியே சொல்லிடணும். பிளேட் பக்கத்துல படம் கொஞ்சம் மங்கும். இத்துணூண்டுக்கு ஏர்போர்ட் வாசல் பெரும்பாலும் கத்தாது. இடுப்பு பெல்ட்டைக் கழட்ட மறந்தாத்தான் கத்தும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமா வைங்க, பிளேட் விவரம் அதுல இருக்கும்.

---

திண்டுக்கல்_பாண்டி
9 நவம்பர், இரவு 9:30

தீபாவளிக்கு வீட்டுல முறுக்கு, அதிரசம் எல்லாம். தம்பி அதிரசத்தைப் பால்ல ஊறவச்சுச் சாப்பிட்டான். முறுக்கைப் பாத்துப் பெருமூச்சு விட்டான். சிகரெட் இல்ல (சட்டைப்பையை நானே சோதிச்சேன்). உதடு இன்னும் அப்படியேதான் டாக்டர், பயமா இருக்கு.

---

கீழ்த்தாடை
9 நவம்பர், இரவு 10:16

மூன்றரை வாரம் நரம்புக்கு ஒன்றுமே இல்லை. குறுகுறுப்பு, எறும்பு ஊர்வது போல வந்தால் நல்ல அறிகுறி. சூடான காபியை உதட்டில் வைக்கும் முன் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மரத்த உதட்டில் சுட்டுக்கொண்டு வருபவர்கள் நிறைய. முறுக்கு ஆறு வாரம் கழியட்டும்.

---

திண்டுக்கல்_பாண்டி
13 ஜனவரி, மாலை 5:25

டாக்டர், ஞாபகம் இருக்கா? போன வாரம் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே (தாடை முழுசும் ஒரே படத்துல தெரியுறது) பாத்தாங்க, எலும்பு சேர்ந்துடுச்சு, பிளேட்டை எடுக்க வேண்டாம்னுட்டாங்க. சித்தப்பா "பாப்போம் பாப்போம்"ங்கிறார். நேத்து ராத்திரி சாப்பிடும்போது மோவாயில மோர் வழிஞ்சுது. அம்மா கையை நீட்டுறதுக்குள்ள அவனே தொடைச்சுக்கிட்டான். அம்மா அப்புறம் சாப்பிடல, எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

முழுசா இல்லையாம், ஓரத்துல மட்டும் சில்லுனு தெரிஞ்சுதாம்.

பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமான்னு கேக்குறான்.

---

கீழ்த்தாடை
13 ஜனவரி, மாலை 6:02

ஓரத்தில் ஆரம்பித்தால் உள்ளே வரும், பொறுங்கள். கரும்பை இந்த வருடம் நறுக்கிக் கொடுங்கள். பல்லால் உரிக்கும் வீரத்தை அடுத்த வருடம் காட்டட்டும்.

---

பழையகம்பி
13 ஜனவரி, மாலை 6:20

நான் 1984 பொங்கலுக்கே உரிச்சேன். டாக்டர் சொல்றதைக் கேளுங்க தம்பி, என்னைப் பாக்காதீங்க.